ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு மோட்சம் உண்டா?

பிறந்த சில நிமிடங்களிலேயே குழந்தை இறந்துவிட்டால்? கத்தோலிக்கத் தாய்மார்களைப் பல நூற்றாண்டுகள் வாட்டிய கேள்வி இது. ஜென்மப் பாவம் கழுவப்படாததால் மோட்சம் இல்லை என்றார் புனித அகுஸ்தினார். லேசான தண்டனைதான் என்றார். ஆனாலும் தண்டனைதானே, பெத்த மனசு கேட்குமா? இடைக்கால இறையியலாளர்கள் 'லிம்போ' என்றொரு நிலையைச் சொன்னார்கள். அங்கே வேதனை கிடையாது. கடவுளின் தரிசனமும் கிடையாது.

2007-ல் வாடிகனின் சர்வதேச இறையியல் ஆணையம், அக்குழந்தைகள் மீட்படைவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. கவனியுங்கள், 'நம்பலாம்' என்றுதான் சொன்னது. 'உறுதி' என்று சொல்லவில்லை. ஞானஸ்நானம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உயிருக்குப் போராடும் குழந்தைக்கு, குருவானவர் வரும்வரை காத்திருக்காமல், திருச்சபையின் நோக்கத்தோடு நர்ஸே தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.