வீட்டு சர்வருக்கு எந்த இயங்குதளம்?

2020 டிசம்பரில் ரெட் ஹாட் நிறுவனம் விடுத்த ஓர் அறிவிப்பு, உலகெங்கும் சர்வர் வைத்திருந்தவர்களின் திட்டத்தைக் கலைத்துப்போட்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று நம்பி அவர்கள் நிறுவியிருந்த இலவச இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 8. அந்த அறிவிப்பின்படி அதன் ஆயுள் 2021 டிசம்பர் 31-உடனேயே முடிந்தது.

வீட்டு சர்வர் அமைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சம்பவம் இது. விண்டோஸ் 11-ஐ ஏற்காமல் மூலையில் கிடக்கும் பழைய கணினியே சர்வராகப் போதும். குடும்பப் படங்களையும் பாட்டுகளையும் அதில் சேமித்து, வீட்டிலுள்ள எல்லா போன்களிலும் பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் அது இரவு பகலாக ஓடும். அதன் முன்னால் யாரும் உட்காரப்போவதில்லை. எனவே புதுப்புது வசதிகளைவிட, எத்தனை ஆண்டு பராமரிப்பு கிடைக்கும் என்பதே முதல் கேள்வி.

இங்கேதான் டெபியன் என்ற இயங்குதளம் முந்திக்கொள்கிறது. இயன் மர்டாக் 1993-ல் தொடங்கிய இதைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரு நிறுவனம் நினைத்தால் நிறுத்திவிட முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்றாண்டு முழுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டாண்டு நீட்டிப்பு. ஒரு மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் பெரும்பாலும் புதிய பதிப்பைத் திணிக்காமல், இருக்கும் பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓடும். மென்பொருள்கள் சற்றுப் பழையவையாக இருக்கும் என்பதுதான் இதற்கான விலை. வீட்டு சர்வருக்கு அது தாராளமாகக் கொடுக்கக்கூடிய விலை.

நிறுவும்போது கடைசிக் கட்டத்தில் மென்பொருள் தேர்வுத் திரை வரும். டெஸ்க்டாப், அதன் ஒரு வகையான க்னோம் இரண்டும் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்எச் சர்வரை டிக் செய்தால், பிறகு மானிட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பிலிருந்தே எல்லாவற்றையும் கவனிக்கலாம்.

கோப்புகளைப் பத்திரமாகச் சேமிப்பதே முக்கிய வேலை என்றால் ட்ரூநாஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. அதன் இசட்எஃப்எஸ் கோப்பு முறை, எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைக்கும். படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், இரட்டை டிஸ்க் இருக்கும் பட்சத்தில் மற்ற பிரதியிலிருந்து தானே சரிசெய்துகொள்ளும். டிஸ்க்கில் சத்தமின்றிச் சிதையும் பழைய படங்களுக்கு இது பெரிய காப்பு. ஆனால் ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். அது நிறுவப்படும் டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்க முடியாது. 4 ஜிபி ராமும் ஒரே டிஸ்க்கும் உள்ள கணினிக்கு டெபியனே சரி. வாங்கி நெடுங்காலமான கணினி என்றால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 32 பிட் கணினிகளுக்கு டெபியன் 13-ல் நிறுவி கிடையாது.