கழுத்து ஏன் கோணியது?

ரன் அவுட் என்றதும் நம் மாணவர்களுக்குக் கிரிக்கெட் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். கடைசல் பட்டறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். சுழலும் ஒரு பொருள் தன் நடு அச்சை விட்டு எவ்வளவு விலகி ஓடுகிறது என்பதே அங்கே ரன் அவுட். தமிழில் ‘கோட்டம்’ எனலாம். வளைவு, கோணல் என்று பொருள் தரும் பழைய சொல். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘அவுட் அடிக்குது’ என்பார்கள். இக்கட்டுரையில் கோட்டம் என்றே எழுதுகிறேன்.

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஈப்போ மெங்லெம்புவில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவனிடம்தான் நியூசிலாந்தில் குடியேறிய என் அத்தை மகன் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்து, “மச்சான், என் தோட்டாவுக்குக் கழுத்து கோணிப் போகுது, ஏன்னு சொல்லு” என்றான்.

அந்நாட்டில் வௌவாலைத் தவிர இயற்கையான தரைவாழ் பாலூட்டி கிடையாது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகிக் காடுகளை அழிப்பதால் மான் வேட்டை அங்கே சாதாரணமானது. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் சுட்ட பித்தளைக் கூட்டை எறியாமல், அதைச் சரிசெய்து மீண்டும் தாங்களே நிரப்பிக்கொள்வதும் உண்டு. இவன் .308 வின்செஸ்டர் கூடுகளை அப்படி நிரப்புகிறான். நூறு மீட்டரில் குண்டுகள் சிதறுகின்றன. உன் கை சரியில்லை என்று மன்றத்தில் கேலி செய்கிறார்களாம். புதுத் துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டான். வீட்டில் அத்தைக்கு அது பெரிய மனக்குறை.

“நாலு கூட்டைத் தபாலில் அனுப்பவா?” என்றான். அனுப்பாதே என்றேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின் வந்த அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. அந்நாளில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. எங்கள் தாத்தா அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார். ஆகவே, கூடு வேண்டாம், எண்ணை மட்டும் சொல் என்றேன். படிக்கும் நீங்களும் இதை வீட்டில் செய்து பார்க்கும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூடு என்பது ஒரு சிறு பித்தளைக் குப்பி. பருத்த உடல், சரிந்த தோள், அதன்மேல் குறுகிய கழுத்து. குண்டைப் பிடித்திருப்பது கழுத்துதான். கழுத்து சாய்ந்தால் குண்டும் சாய்ந்தபடியே துப்பாக்கிக் குழலுக்குள் நுழையும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறிய, கூட்டின் உடலை இரண்டு தாங்கிகள்மேல் படுக்கவைத்து, டயல் கேஜின் முனையைக் கழுத்தில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். முள் ஆடும் மொத்த அளவே கோட்டம். உண்மையான விலகல் அதில் பாதிதான். முள் மேலேயும் கீழேயும் சேர்த்துக் காட்டுகிறது. இதை அறியாமல் இரட்டிப்பாகக் கவலைப்படுபவர்கள் உண்டு.

அவன் கூடுகள் 0.006 அங்குலம் காட்டின. 0.001 அங்குலம் என்பது 0.0254 மில்லிமீட்டர்.

முதலில் கருவியைச் சந்தேகப்படு என்றேன். ஒரே கூட்டை மூன்று முறை உருட்டு, மூன்று முறையும் ஒரே எண் வருகிறதா பார். முனையைக் கழுத்தின் வாயோரத்தில் வைக்காதே, அங்கே பிசிர் இருந்தால் முள் துள்ளும். சற்று உள்ளே தள்ளி வை. எண் மாறவில்லை. கருவி குற்றமற்றது.

அடுத்து, எந்தக் கட்டத்தில் கோணல் வந்தது? இந்தக் கேள்விக்குத் தாத்தாவின் கதையைச் சொன்னால் எளிதில் விளங்கும். அவர் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பிட்டர். ஒரு சமயம் ஷீட் இயந்திரத்தில் ரப்பர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வந்தது. உருளையைக் கழற்றி மாட்டியபோது நீ வளைத்துவிட்டாய் என்று கிராணி அவர் கூலியில் பிடித்துவிட்டார். தாத்தா உருளையைக் கழற்றி, அதன் தண்டை இரண்டு கட்டைகள்மேல் கிடத்தி, ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் நடுவில் பிடித்துக்கொண்டு உருட்டச் சொன்னார். வளைந்திருந்தால் மேடான பக்கத்தில் மட்டும் வெள்ளை விழும். வெள்ளைக் கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது. தேய்ந்திருந்தது ஒரு முனையிலிருந்த புஷ். அந்த முனையில் இடைவெளி அகன்றதால் அந்தப் பக்கம் ஷீட் தடித்தது. புஷ்ஷை மாற்றினார்கள். பிடித்த கூலியைத் திருப்பித் தரவில்லை.

தோட்டாவிலும் சுண்ணக்கட்டி வேலையைச் செய்யும் ஒரு நிலை உண்டு. சுடும்போது கூடு ஊதிப் பெருத்துத் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிவிடுகிறது. அறை நேராகக் குடையப்பட்டிருந்தால் வெளியே வரும் கூடும் நேராக இருக்கும். “சுட்ட கூட்டை அப்படியே அளந்து சொல்” என்றேன். 0.001 என்றான். புதுத் துப்பாக்கிச் செலவு அந்த நிமிடமே மிச்சமானது.

அப்படியானால் கோணல் அதற்குப் பின் வருகிறது. பெருத்த கூட்டைப் பிரஸில் வைத்து ‘டை’ என்னும் அச்சுக்குள் தள்ளிச் சுருக்குகிறார்கள். சாதாரண டை கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கிவிட்டு, வெளியே வரும்போது ஒரு கம்பியில் கோத்த எஃகு உருண்டையைக் கழுத்தின் வழியே இழுத்து உள்விட்டத்தைச் சரிசெய்கிறது. நெருக்கு, பின் விரி என்று இரு வேலை. அந்த உருண்டையைக் கம்பியோடு கழற்றிவிட்டு ஐந்து கூடுகளைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் குரலிலேயே மகிழ்ச்சி தெரிந்தது: 0.0015. டையும் நல்லதுதான். கழுத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்தது உருண்டை.

மருந்து எளிது. கழுத்தின் உட்புறத்தை அவன் துடைத்து, காய்ந்த நிலையில் சுருக்கியிருக்கிறான். உள்ளே சிறிது மசகு பூசினாலே உராய்வு குறையும். இன்னும் நல்லது, உருண்டையை விட்டுவிட்டு, நேரான ஒரு கம்பியை மேலிருந்து கழுத்துக்குள் இறக்கி விரிப்பது. இழுப்பதை விடத் தள்ளும்போது கழுத்துக்குத் தோள் முட்டுக் கொடுக்கும். சிலர் பிரஸில் டையைப் பூட்டும் வளையத்தின் அடியில் ஓ-ரிங் போட்டு அது தானே நடுவுக்கு வரட்டும் என்று விடுகிறார்கள். அந்த ஓ-ரிங் பெரும்பாலும் செயற்கை நைட்ரைல். நம் பால்மரத்து ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும்.

இருபது கூடுகளில் மூன்று மட்டும் அடங்கவில்லை. அவற்றின் கழுத்துச் சுவரே ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. உருண்டை உட்புறத்தை வட்டமாக்கும்போது அந்தத் தடிப்பு வெளியே தள்ளப்படுகிறது. கழுத்தைக் கடைந்து சீராக்கலாம். ஆனால் மூன்று கூட்டுக்காகக் கடைசல் கருவி வாங்குவானேன்? ஒதுக்கி வை என்றேன். பலமுறை சுட்ட பித்தளை இறுகிப்போவதும் ஒரு காரணமாகலாம். அவனுடையவை இரண்டாம் முறைதான்.

கடைசிக் கட்டம் குண்டைப் பொருத்துவது. மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுக் கூட்டில் குண்டை மட்டும் வைத்து அளந்தபோது 0.004 ஆக ஏறியது. வாயின் உள்விளிம்பைச் சற்றுச் சரித்துவிட்டால் குண்டு நேராக நுழையும். தள்ளும் தண்டு குண்டின் கூர்முனையில் முட்டாமல் அதன் வளைவில் உட்கார வேண்டும். பாதி தள்ளி, அரைச் சுற்று திருப்பி, மீதியைத் தள்ளும் பழக்கமும் சிறிது உதவும். பொருத்தியபின் குண்டை நெம்பி நேராக்கும் கருவிகளும் விற்கின்றன. எனக்கு உடன்பாடில்லை, கழுத்தின் பிடி தளரும், காரணமோ அப்படியே இருக்கும்.

இப்போது அவன் தோட்டாக்கள் 0.002க்குள் நிற்கின்றன. சிதறலும் குறைந்திருக்கிறது, ஆனால் அவன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மன்றத்துக்காரர்கள் அவன் கையைப் பற்றிச் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, 0.001க்குக் கீழே கொண்டுவர என்ன செய்யலாம் என்று கேட்டான். மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது மச்சான், முறுக்கைச் சாப்பிடு என்றேன்.