அம்மாவுக்கு மேமோகிராம் எடுத்தா வரி குறையுமா?

மார்ச் மாசம் நெருங்கினா தவறாம வர்ற கேள்வி இது: "அம்மாவுக்கு மேமோகிராம் எடுத்தேன், 80டி-ல காட்டலாமா?" காட்டலாம், பழைய வரி முறையில இருந்தா மட்டும். புதிய முறையில 80டி கழிவு கிடையாது.

பழைய முறையில, நோய் வருமுன் செய்யும் ஹெல்த் செக்கப்புக்கு வருஷம் 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். உங்களுக்கும் குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே அவ்வளவுதான். ரொக்கமா கட்டியிருந்தாலும் செல்லும். பிரீமியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இது தனி வரம்பும் இல்லை. பெற்றோருக்கான 25,000-க்குள்ளேயே (60 வயசு ஆகிட்டா 50,000) அடங்கும். பிரீமியமே வரம்பைத் தொட்டிருந்தா செக்கப் பில்லால ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. 20% ஸ்லாப்ல இருக்கறவருக்கு முழு 5,000-க்கும் மிச்சமாகறது செஸ் சேர்த்து 1,040 ரூபாய்தான். இதை நம்பி எடுக்க வேண்டிய டெஸ்ட் இல்லை இது.

மேமோகிராம்ங்கறது மார்பகத்தை ரெண்டு தட்டுக்கு நடுவுல சில விநாடி அழுத்தி எடுக்கற எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் காட்டிடும். அமெரிக்காவுல 40 முதல் 74 வயசு வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைன்னு 2024-ல பரிந்துரை வந்தது. நம்ம தேசியத் திட்டத்துல 30 முதல் 65 வயசுக்காரங்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை கையால தொட்டுப் பார்க்கற பரிசோதனைதான். ஆக, மேமோகிராம் வேணும்னா வீட்டுல சம்பாதிக்கறவர்தான் டாக்டர்கிட்ட கேட்டு ஏற்பாடு பண்ணணும். மறுபடி கூப்பிட்டா பதற வேண்டாம். அப்படிக் கூப்பிடறதுல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் இருக்கறதில்லை. அல்ட்ராசவுண்டுக்கோ பயாப்சிக்கோ கொஞ்சம் பணம் மட்டும் ஒதுக்கி வைங்க. அட்மிஷன் இல்லாத டெஸ்ட்டுக்கு இன்ஷூரன்ஸ் பொதுவா காசு தராது.

எனக்குப் பயம் தர்றது வேற ஒரு கணக்கு. "முதல்ல பாலிசி எடுத்துடலாம், காத்திருப்பு காலம் முடியட்டும், அப்புறம் டெஸ்ட்." ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 3 வருஷம் வரை போகலாம். அம்மா கட்டி இருக்குன்னு சொன்ன பிறகும் இந்தக் கணக்குப் போடறவங்க இருக்காங்க. அது ஸ்கிரீனிங்கே இல்லை, இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். அதை மறைச்சு பாலிசி எடுத்தா, கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகலாம். அதைவிட ஆபீஸ் குரூப் பாலிசியைப் பாருங்க. பல கம்பெனிகள்ல பழைய நோய்க்கும் முதல் நாளே கவர் உண்டு. பெற்றோரைச் சேர்க்கற வாய்ப்பு வேலைக்குச் சேரும்போதோ ரினியூவல்லயோதான் வரும். தேதியை எச்ஆர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

டெஸ்ட் அன்னிக்கு அம்மா பவுடர், டியோடரன்ட் போட வேண்டாம், படத்துல புள்ளியா விழும். பில்லுல அவங்க பேர் இருக்கட்டும், பணம் உங்க கணக்குல இருந்து போகட்டும். பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த தடவை ரேடியாலஜிஸ்ட் அதோட ஒப்பிட்டுப் பார்ப்பார்.