பொறிவண்டு காத்த மரம்

கொடைக்கானலில் சீகை மரத்தடியில் நிற்கும்போது சிவப்பு வண்டு ஒன்று உங்கள் கையில் வந்து உட்கார்ந்தால், தட்டிவிடாதீர்கள். அது பொறிவண்டு!

ஆஸ்திரேலியாவில் பிறந்த செதில் பூச்சி ஒன்று உண்டு. வெள்ளைப் பஞ்சுபோல் கிளையில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அது சூறையாடியபோது, 1888-ல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியாவுக்கே போய் அதன் எதிரியைத் தேடிப் பிடித்தார். மிளகைவிடச் சிறிய ரொடோலியா என்ற பொறிவண்டுதான் அது! வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். இரண்டே ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன.

அதே பூச்சி நீலகிரிச் சீகையில் புகுந்ததும், 1929-ல் இந்த வண்டை வரவழைத்தார்கள். பின்னர் கொடைக்கானலிலும் அதுவே கைகொடுத்தது. பறவை கொத்த வந்தால், கால் மூட்டிலிருந்து கசப்பு நீரைக் கசியவிட்டுத் தப்பிக்கும் கெட்டிக்கார வண்டு!

வேடிக்கை என்னவென்றால், வண்டு காப்பாற்றிய அந்தச் சீகைதான் இன்று பழநி மலையின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது.