கிங்ஸ்டன் சிறுவர்களின் சகோதரி இக்னேஷியஸ்

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், சவுத் கேம்ப் சாலையில் அமைந்த ஆல்ஃபா சிறுவர் பள்ளி இசைக்கலைஞர்களை உருவாக்கும் நோக்கத்துடன் தொடங்கப்பட்டதன்று. 1880இல் ஜெஸ்ஸி ரிப்போல் என்னும் கத்தோலிக்கப் பெண்மணி ஆதரவற்ற குழந்தைகளுக்காக நிறுவிய இல்லத்திலிருந்து வளர்ந்து, 1890 முதல் ‘இரக்கத்தின் சகோதரிகள்’ என்னும் துறவற சபையின் பொறுப்பில் இயங்கிய அப்பள்ளிக்குப் பெற்றோரை இழந்தவர்களும், வறுமையால் வீட்டாரே கொண்டுவந்து விட்டவர்களும், நீதிமன்றம் அனுப்பிய சிறுவர்களும் வந்து சேர்ந்தனர். தையல், அச்சுவேலை, தோட்டவேலை ஆகியவற்றைப் போலவே இசையும் அங்கே பிழைப்புக்கான ஒரு தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. 1892இல் முரசும் குழலும் மட்டும் கொண்டு தொடங்கிய பள்ளி வாத்தியக்குழு, பின்னர் பித்தளை ஊதுகருவிகளைப் பெற்று, இராணுவ வாத்தியக்குழுக்களுக்கு ஆள் அனுப்பும் அளவுக்குத் தேர்ச்சி அடைந்தது.

1921இல் ஜமைக்காவின் செயின்ட் கேத்தரின் மாவட்டத்தில் பிறந்து, 1939இல் ஆல்ஃபாவுக்கு வந்த சகோதரி மேரி இக்னேஷியஸ் டேவிஸ், 2003இல் மறையும்வரை தம் வாழ்நாளை அங்கேயே செலவிட்டார். சுரக்குறிப்பையும் கருவி வாசிப்பையும் கற்பிக்க ரூபன் டெல்கடோ, அப்பள்ளியிலேயே பயின்ற லெனி ஹிபர்ட் போன்ற வாத்தியக்குழுத் தலைவர்கள் இருந்தனர்; சகோதரி தந்தது கேள்வி ஞானம். ஜாஸ், புளூஸ், கியூப இசை எனப் பலவகை இசைத்தட்டுகளை இடைவிடாது சேகரித்த அவர், ‘சவுண்ட் சிஸ்டம்’ ஒன்றையும், அதாவது இசைத்தட்டுச் சுழலியும் பெரிய ஒலிபெருக்கிகளும் கொண்டு நடனக் கூட்டங்களுக்கு இசை வழங்கும் ஜமைக்க ஏற்பாட்டையும், பள்ளிக்காக வைத்திருந்தார். அணிவகுப்பு இசையையும் செவ்வியல் பாடங்களையும் வகுப்பில் பயின்ற சிறுவர்கள், நகரத்து இளைஞர்கள் ஆடி மகிழ்ந்த இசையையும் துறவாடை அணிந்த ஓர் ஆசிரியை சுழற்றிய தட்டுகளிலிருந்து கேட்டனர். தேவாலயப் பாடலுக்கும் நடனக்கூடத்து இசைக்கும் இடையே அவர் வேலி போடாததே அவருடைய கல்விமுறையின் ஆகச் சிறந்த பண்பு எனலாம்.

அதன் பயன் 1960களில் புலப்பட்டது. தாளத் தட்டுகளுக்கு இடைப்பட்ட அரையிடத்தில் கிதாரும் பியானோவும் அழுத்தம் கொடுக்க, அதன்மேல் ஊதுகருவிகள் விரிந்து செல்லும் ‘ஸ்கா’ என்னும் இசைவகையே, பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ரெகேவுக்கு முன்னோடி. அந்த இசையின் தலையாய குழுவாகிய ஸ்கடலைட்ஸ் 1964இல் உருவானபோது, அதில் முன்னின்று வாசித்த டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் ஆகிய நால்வரும் ஆல்ஃபாவில் பயின்றவர்கள். இவர்களுள் மூர், அப்பள்ளியில் இசை கற்க வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று குறும்புகள் செய்து, அடங்காத பிள்ளை என்ற பெயரோடு அங்கே சேர்க்கப்பட்டவர். டிராம்போன் என்னும் நீள்குழல் கருவியில் ஈடற்றவராக விளங்கிய டிரம்மண்ட், மாணவராக இருந்தபோதே இளையவரான ரிக்கோ ராட்ரிகஸுக்கு அக்கருவியைக் கற்பித்தார். ராட்ரிகஸ் 1961இல் இங்கிலாந்துக்குச் சென்று, அந்நாட்டு இசைக்குழுக்களிலும் அதே மரபைத் தொடர்ந்தார். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இவ்வழக்கம், வீடு என ஒன்று இல்லாத சிறுவர்களிடையே அண்ணன் தம்பி உறவாகவும் அமைந்தது.

துறவியாகிய சகோதரி இக்னேஷியஸுக்குக் குடும்பம் என்பது இச்சிறுவர்களே. இசையில் காட்டிய அதே ஆர்வத்தைக் கிரிக்கெட்டிலும் குத்துச்சண்டையிலும் காட்டிய அவர், அவர்களோடு கலந்து பழகினார். அல்பினிசம் என்னும் நிறமியின்மையோடு பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கைவிடப்பட்டு, பிறரின் ஏளனத்துக்கு உள்ளான ஒரு சிறுவன் ஆல்ஃபாவில் வளர்ந்து, 1980களில் ‘யெல்லோமேன்’ என்னும் பெயரில் ஜமைக்காவின் பெரும்புகழ் பெற்ற பாடகர்களுள் ஒருவராக உயர்ந்தார். ஆல்ஃபாவின் பங்கு இத்தகையதாக இருந்தும், ஸ்காவின் வரலாறு பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களையும் தயாரிப்பாளர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. அக்கூடங்களுக்குள் நுழையும் முன்பே அந்த ஸ்கா கலைஞர்கள் ஆல்ஃபாவில் தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பதற்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை. 2014இல் பள்ளியின் விடுதி மூடப்பட்டு, அது பகல்நேரத் தொழிற்பயிற்சி நிறுவனமாக மாறிய பின்னரும் இசைப்பயிற்சி கைவிடப்படவில்லை.