வைக்கோலுக்கு ஓர் ஆவிக் குளியல்



எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தினர் ஒருமுறை சிப்பிக்காளான் வளர்க்க முனைந்தார்கள். வைக்கோலை நறுக்கினார்கள், நீரில் ஊறவைத்தார்கள், வடித்த பிறகு ஓர் அண்டா வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றினார்கள். ஆறியதும் பாலிதீன் பைகளில் அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே காளான் வித்தைத் தூவி, கட்டித் தொங்கவிட்டார்கள். மொத்தம் பத்துப் படுக்கைகள். செலவெல்லாம் மாணவர்கள் சேர்த்த சந்தாப் பணம். காளானை விற்று மன்றத்திற்கு ஒரு நுண்ணோக்கி வாங்குவதென்று திட்டம்!

பத்தாம் நாள் அறையைத் திறந்து பார்த்தபோது ஏழு பைகளில் பச்சைப் பசேலென்று பூசணம் படர்ந்திருந்தது. நுண்ணோக்கிக் கனவு அத்துடன் கலைந்தது.

வித்து கெட்டுப் போயிருக்குமோ? இல்லை. மற்ற மூன்று பைகளில் அதே வித்துதான் பால்போல வெண்மையாகப் பரவியிருந்தது. அப்படியானால் குற்றம் வைக்கோலில்தான் இருக்க வேண்டும். மீண்டும் ஒரு குவியல் வைக்கோலில் வெந்நீரை ஊற்றி, இம்முறை வெப்பமானியையும் செருகிப் பார்த்தோம். மேற்பரப்பில் 85° செல்சியஸ். குவியலின் நடுவிலோ 48° தான்! மேலே இருந்த நுண்ணுயிர்கள் மடிந்தன; நடுவில் இருந்தவை இளஞ்சூட்டில் சுகமாகக் குளித்தன.

வைக்கோல் முழுவதையும், அதன் நடுப்பகுதி உள்பட, ஒரே சீராகச் சூடாக்குவது எப்படி? இதற்கு விடை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. இட்லிக் கொப்பரையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதையே பெரிய அளவில் செய்வதுதான் நாம் இப்போது காணப்போகும் கருவி.

வைக்கோலுக்குள் ஒரு போட்டி

பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும் வைக்கோலில் எண்ணற்ற பாக்டீரியங்களும், பூசணங்களின் வித்துத்தூள்களும், பூச்சிகளின் முட்டைகளும் இருக்கின்றன. காய்ந்த வைக்கோலில் அவை உறங்குகின்றன. ஊறவைத்ததும் விழித்துக்கொள்கின்றன. காளானுக்கும் அதே வைக்கோல்தான் உணவு. எனவே அங்கே ஒரு போட்டி தொடங்குகிறது. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம் வெகு விரைவாக வளரக்கூடியது; காளானின் இழைகளையே தாக்கவும் வல்லது. போட்டியாளர்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால் காளான் இழைகள் முந்திக்கொண்டு வைக்கோல் முழுவதும் பரவிவிடும். பிறகு மற்றவற்றுக்கு அங்கே இடமில்லை.

நீராவியின் ஆற்றல்

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1° உயர்த்த ஒரு கலோரி வெப்பம் தேவை. ஆனால் 100° செல்சியஸில் உள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரிகள் வேண்டும். இதுதான் உள்ளுறை வெப்பம். நீராவி குளிர்ந்த வைக்கோலைத் தொட்டதும் மீண்டும் நீராகிறது; தான் சுமந்து வந்த 540 கலோரிகளையும் அங்கேயே இறக்கி வைக்கிறது. ஓரிடம் சூடானதும் அங்கே ஆவி நீராவதில்லை. அடுத்த குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. இவ்வாறு படிப்படியாகக் குவியல் முழுவதும் சூடேறுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 4 கிலோ வைக்கோல் 10 கிலோ நீரை உறிஞ்சியிருக்கிறது என்போம். அந்த நீரை 30° இலிருந்து 100° க்கு உயர்த்த 10 × 70 = 700 கிலோ கலோரிகள் தேவை. ஒரு லிட்டர் நீரின் ஆவி 540 கிலோ கலோரிகள் தரும். ஆக, 1.3 லிட்டர் நீர் ஆவியானால் போதும். வைக்கோலையும் டிரம்மின் தகட்டையும் சூடாக்குவதைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 2 லிட்டர்தான். ஓர் அண்டா வெந்நீரால் ஆகாததை இரண்டு லிட்டர் நீரின் ஆவி முடித்துவிடுகிறது!

கருவி செய்வோம்

தேவையானவை: 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று, அதன் மூடி, 20 செ.மீ. உயரமுள்ள இரும்பு முக்காலி, அதன்மேல் வைக்க வட்டமான கம்பி வலை, ஒரு முழங்கைக் குழாய், இரண்டு மூன்று சாக்குப் பைகள், 110° வரை காட்டும் வெப்பமானி.

டிரம்மைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பூச்சிமருந்தோ சாயமோ இருந்த டிரம் கூடவே கூடாது. பெட்ரோல் போன்றவை இருந்த டிரம்மை வெட்டினாலோ பற்றவைத்தாலோ உள்ளே எஞ்சிய ஆவி தீப்பற்றி வெடிக்கக்கூடும். சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பொருள்கள் இருந்த டிரம்மே ஏற்றது. வெட்டும் வேலையையும் பற்றவைக்கும் வேலையையும் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

டிரம்மின் மேல்தட்டை முழுவதும் வெட்டி எடுத்து, விளிம்பில் கை வெட்டாதபடி அராவச் செய்யுங்கள். மூடியின் நடுவில் 3 செ.மீ. அகலத் துளை ஒன்றும், வெப்பமானி செருக ஒரு சிறு துளையும் இருக்கட்டும். டிரம்மின் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் முழங்கைக் குழாயைப் பற்றவைத்து, வெளிப்புறமாக மேல்நோக்கி 60 செ.மீ. உயரம் வரை கொண்டு வாருங்கள். அதன் மேல்முனை திறந்தே இருக்க வேண்டும்.

இந்தக் குழாய் எதற்கு? மூன்று பயன்கள் உண்டு. வற்றிய நீரை மூடியைத் திறக்காமலே இதன் வழியாக ஊற்றலாம். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் உள்ளே நீர் மட்டம் எவ்வளவு என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே அழுத்தம் ஏறினால் குழாயில் நீர் உயர்ந்து வெளியே கொட்டி நம்மை எச்சரிக்கும். பாடத்தில் படித்த அழுத்தமானிதான் இது! கொட்டுவது கொதிநீர் என்பதால், குழாய் இருக்கும் பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

மூடியை இறுக்காதீர்கள்!

"மூடியை இறுக்கிக் கட்டினால் பிரஷர் குக்கரைப் போல இன்னும் சூடேறுமே?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். விடையைக் கணக்கே சொல்லட்டும்.

குக்கரில் உள்ளதுபோல 121° செல்சியஸ் வெப்பநிலை வேண்டுமானால், வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ மிகுதியான அழுத்தம் உள்ளே இருக்க வேண்டும். டிரம்மின் விட்டம் சுமார் 57 செ.மீ. எனவே மூடியின் பரப்பு ஏறக்குறைய 2,550 சதுர செ.மீ. அதாவது மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை 2,550 கிலோ! ஏறத்தாழ ஒரு யானையின் எடை. மெல்லிய தகட்டாலான டிரம் இதைத் தாங்காது. அது வெடித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் நீர் கொதித்தால் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவி உண்டாகிறது. அது வெளியேற வழி வேண்டும். ஆகவே மூடி தன் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கட்டும். கம்பியால் கட்டாதீர்கள், கல்லை வைக்காதீர்கள், தீ எரியும்போது துளையை அடைக்காதீர்கள்.

இயக்கும் முறை

வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். டிரம்மில் 25 லிட்டர் நீர் ஊற்றினால் ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் நிற்கும். முக்காலியையும் வலையையும் வைத்து, வைக்கோலைச் சாக்குப் பைகளில் தளர்வாக நிரப்பி அடுக்குங்கள். அழுத்தித் திணித்தால் ஆவி உட்புகாது. புட்டு மாவை அழுத்தினால் வேகாமல் போவதைப்போலத்தான் இதுவும். பைகளுக்கு இடையே சிறிது இடைவெளியும் இருக்கட்டும். வெப்பமானியின் குமிழ் நடுப் பையின் உள்ளே இருக்குமாறு செருகுங்கள்.

இனி அடுப்பை மூட்டலாம். பெரியவர் ஒருவர் உடன் இருப்பது கட்டாயம். முதலில் துளை வழியாக வருவது பெரும்பாலும் உள்ளே இருந்த காற்றுதான். காற்று தங்கிய இடத்தில் ஆவி நுழைவதில்லை. அவ்விடம் சூடாவதும் இல்லை. ஆகவே ஆவி கண்டவுடன் நேரத்தை எண்ணத் தொடங்காதீர்கள். நடுவில் இருக்கும் வெப்பமானி 80° காட்டட்டும். அதிலிருந்து 2 மணி நேரம் எண்ணுங்கள். எங்கள் முதல் முயற்சி தோற்றது இந்த நடுப்பகுதியை மறந்ததால்தானே!

மலையூர்களில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. நீரின் கொதிநிலையும் குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93° செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் ஆவி காட்டுவது நல்லது.

தீ அணைந்ததும் உள்ளிருக்கும் ஆவி நீராகிச் சுருங்கும்; வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றோடு பூசண வித்துத்தூளும் வரும். ஆகவே கொதி முற்றிலும் அடங்கிய பிறகு துளையில் சுத்தமான பஞ்சைத் தளர்வாகச் செருகுங்கள். காற்று நுழையும், தூசி பஞ்சில் தங்கிவிடும்.

வைக்கோல் நன்றாக ஆற வேண்டும். 30° க்குக் கீழே இறங்கிய பிறகே வித்தைத் தூவலாம். இல்லாவிட்டால் காளான் வித்தும் வெந்துபோகும்! ஈரம் சரியா என்று அறிய, ஒரு பிடி வைக்கோலைப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டக்கூடாது; ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வைக்கோலைத் தொடுங்கள்.

100 டிகிரி போதுமா?

1877-ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் என்ற இயற்பியல் அறிஞர் இலண்டனில் திகைத்துப் போயிருந்தார். அதற்குமுன் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தாலே கெடாமல் இருந்த அவருடைய கரைசல்கள், இப்போது எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கெட்டுப்போயின. காரணம் என்ன தெரியுமா? சோதனைச்சாலைக்குள் வந்த ஒரு கட்டுப் பழைய உலர்ந்த புல்! அதிலிருந்த பாக்டீரியங்கள் தடித்த உறையுடைய வித்துகளாக மாறி, கொதிநீரையும் தாங்கிக்கொண்டன. ஏறத்தாழ அதே காலத்தில், 1876-இல், ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் இந்த வித்துகளைக் கண்டு விளக்கியிருந்தார்.

டிண்டால் ஒரு தந்திரம் செய்தார். ஒரு நாள் சூடாக்கி விட்டுவைத்தார். தப்பிய வித்துகள் முளைத்து மென்மையான பாக்டீரியங்களாயின. மறுநாள் மீண்டும் சூடாக்கினார், அவை மடிந்தன. எஞ்சியவற்றுக்கு அதற்கடுத்த நாளும் அதே வைத்தியம்! பின்னர் 1879-இல் பாஸ்டரின் உதவியாளரான சார்லஸ் சாம்பர்லாண்ட் உயரழுத்த நீராவிக் கருவியான ஆட்டோகிளேவை உருவாக்கினார். 1679-இல் டெனிஸ் பாப்பின் செய்த மூடிய சமையல் கலத்தின் தத்துவமே அது. அதில் 121° செல்சியஸில் வித்துகளும் மடிகின்றன.

ஆகவே நம் டிரம் வைக்கோலை முற்றிலும் கிருமியற்றதாக ஆக்குவதில்லை. பூசணங்களையும், பூச்சி முட்டைகளையும், பெரும்பாலான பாக்டீரியங்களையும் அழிக்கிறது. உறையிட்ட வித்துகளை விட்டுவிடுகிறது. அப்படியும் சிப்பிக்காளான் வெல்வது எப்படி? வைக்கோலின் செல்லுலோசையும் லிக்னினையும் சிதைத்து உண்ணக் காளானால் முடியும். எஞ்சிய பாக்டீரியங்களில் பலவற்றுக்கு அது எளிதல்ல. போதிய வித்தைத் தூவினால் காளானே முந்திவிடும்.

ஆனால் காளான் வித்தையே தயாரிக்க இந்த டிரம் உதவாது. வித்து வளர்ப்பது அவித்த சோளத்தில். சோளம் பாக்டீரியங்களுக்கும் விருந்து! அதற்கு ஆட்டோகிளேவோ பிரஷர் குக்கரோதான் வேண்டும்.

செய்து பாருங்கள்

நறுக்கிய வைக்கோலை ஓர் இரவு நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த நீரை மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு ஊற்றிப் பஞ்சால் அடையுங்கள். முதல் புட்டியை அப்படியே வையுங்கள். இரண்டாவதை ஒரு நாள் மட்டும் இட்லிக் கொப்பரையில் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். மூன்றாவதை அடுத்தடுத்து மூன்று நாள்கள் அவ்வாறே செய்யுங்கள். எது எப்போது கலங்குகிறது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். டிண்டாலின் வியப்பு உங்களுக்கும் கிடைக்கும். சோதனை முடிந்ததும் புட்டிகளை மோந்து பார்க்காமல், நன்கு கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

எங்கள் மன்றம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? டிரம் செய்த பிறகு மீண்டும் பத்துப் படுக்கைகள் போட்டார்கள். ஒன்பது வெண்மையாகப் பரவின. பச்சையான ஒன்று, அவசரத்தில் கை கழுவாமல் நிரப்பியது என்று அதை நிரப்பிய மாணவரே ஒப்புக்கொண்டார். நுண்ணோக்கி வாங்க இன்னும் பணம் போதவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு படுக்கைக்கும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் முதல் வரி: "நடுவில் எத்தனை டிகிரி?"