பழைய மோரிஸ் மைனர் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பெட்டரி வாங்க முன் இதைப் பாருங்கள்

இரவு ஒரு மணிக்கு லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், தோட்டத்தில் இருக்கும் ஒரே பழைய காரைத்தான் எல்லோரும் தேடி ஓடுவார்கள். அந்த நேரம் பார்த்து அது "கிர்... கிர்..." என்று முனகிவிட்டு நின்றுபோகும். அப்படியானால் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். முதலில் 1990 இலக்கத்துக்குப் பேசி அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். 2016இல் ஆரம்பித்த இந்தச் சேவைக்குக் காசு கிடையாது. காரைப் பிறகு பார்க்கலாம்.

கொடகவெல, ரக்வானை, கஹவத்தைப் பக்கத்தில் பழைய கார் என்றாலே பலருக்கு நினைவு வருவது மோரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் அதைக் கண்ணைப் போல் பார்த்துக்கொண்டார்கள். இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கண்ணாலும் காதாலும் மூக்காலுமே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்டாட்டர் எஞ்சினைச் சுற்றுகிறதா, இல்லையா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டாட்டரை இழுங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பெட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் முனைகளில் பிடிப்பு இல்லை. பல பேர் ஏமாறுவது இங்கேதான். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டினால் போதும், அதே பெட்டரி வேலை செய்யும். உடலோடு சேரும் எர்த் வயரின் மறு முனையையும் மறக்க வேண்டாம். பெட்டரி பக்கத்தில் நெருப்புக்குச்சி, குப்பி விளக்கு கூடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

வெளிச்சம் அப்படியே இருந்தும் சத்தமே இல்லையென்றால் கோளாறு சுவிட்சில் அல்லது ஸ்டாட்டரில். "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டு வெளிச்சம் மங்கினால், ஸ்டாட்டரின் பல் எஞ்சினின் பல்லில் சிக்கியிருக்கலாம். சாவியை மூடி, நாலாவது கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

ஸ்டாட்டர் நல்லாச் சுத்துது, ஆனா எஞ்சின் பிடிக்கல என்றால், ஒன்று நெருப்புப்பொறி இல்லை, இல்லை பெற்றோல் வரவில்லை.

நம்ம இரத்தினபுரி மழைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பொறியைத்தான். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டி காலையில் மக்கர் பண்ணினால், டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளக் வயர்களையும் துடையுங்கள். மூடிக்குள் தலைமயிர் போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு எஞ்சினில் படும்படி வைத்து, ஒருவரை ஸ்டாட்டர் இழுக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், அடிக்கும். நீல நிறத்தில் பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ பொயின்டைப் பாருங்கள். அது கருகியிருக்கும், அல்லது இடைவெளி மூடியிருக்கும். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீற்றர் அளவு இருக்க வேண்டும். பொயின்ட் சுத்தமாக இருந்தும் பொறி பலவீனம் என்றால் கண்டென்சர் அல்லது கொயிலாக இருக்கலாம்.

பெற்றோல் வருகிறதா என்பதைக் காதாலேயே அறியலாம். சாவியைப் போட்டதும் பொனட்டுக்குள் இருக்கும் பம்ப் "டிக் டிக்" என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் அடங்கும். ஓயாமல் வேகமாக அடித்தால் தாங்கி காலி, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் வயரைப் பாருங்கள். வயர் சரியென்றால் ஸ்பனரின் பிடியால் பம்பை மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள், பல நேரம் உயிர் வரும். 2022இல் பெற்றோல் இல்லாத காலத்தில் பல வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. அப்படி நிற்கும் வண்டியில் பெற்றோல் பழசாகும், தாங்கியில் தண்ணீரும் சேரும். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

பெற்றோல் மணம் மூக்கில் அடித்தால் எஞ்சின் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, எக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டாட்டர் இழுங்கள். சிலர் பெடலைக் குத்திக் குத்தி மிதிப்பார்கள். இந்தக் கார்களில் உள்ள எஸ்.யூ. காபரேட்டருக்கு அதனால் ஒரு சொட்டுப் பெற்றோலும் கூடுதலாக வராது. கால்தான் வலிக்கும்!

ஹேண்டல் போட்டுச் சுற்றுகிறவர்கள் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பெருவிரலைப் போட்டால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும்.

இன்னொரு வண்டியின் பெட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கப் போகிறீர்களா? மைனரில் பெட்டரியின் கூட்டல் முனையைத்தான் கம்பனியில் உடலோடு பூட்டியிருந்தார்கள். இன்றைய வண்டிகளில் அது கழித்தல் முனை. இரண்டு வண்டிகளின் உடலும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல் என்றே வயரைக் கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் பின்னால் மாற்றியிருப்பார்கள், அதனால் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் முடியாவிட்டால் கராஜ் பாஸுக்குப் போன் பண்ணும்போது "கார் ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "லைட் மங்கல, பம்ப் அடிக்குது, பொறி மட்டும் வரல" என்று சொல்லுங்கள். அவர் கண்டென்சரையும் பொயின்டையும் கையோடு கொண்டுவருவார், இரண்டாவது பயணத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்காது.